உன் டெலஸ்கோப்புக்கு நான் வைத்த கிரீஸ்

அன்புள்ள கண்ணு,

சாப்பிட்டாயா, ரூமில் தண்ணீர் வருகிறதா, பெங்களூர் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்று கேட்பதற்கு டெலிபோன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் கேட்டும்விட்டேன். டெலிபோனில் சொல்ல வாய் வராத ஒன்றுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோத்தகிரியில் நடந்ததைப் பற்றி நீயும் நானும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மலையிலிருந்து இறங்கி வந்ததும் நீ எப்போதும் போலக் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்து, ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாய். பெங்களூருக்குப் பஸ் ஏறும்போதும் சிரித்துக்கொண்டே கையாட்டினாய். நீ ஒன்றும் சொல்லாததால் நானும் அதை அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. நீ போன பிறகு இங்கே சில காரியங்கள் நடந்துவிட்டன. அவற்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அப்பா இறந்தபோது நீ எட்டாம் வகுப்பு. கணபதிப் பக்கம் இருக்கிற நம் மெஷின் ஆயில் கடையை விற்றுவிடச் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. நான் விற்கவில்லை, கல்லாவில் போய் உட்கார்ந்தேன். மில்லிலிருந்தும் பட்டறையிலிருந்தும் வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும், "ஏனுங்க, ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா, ஒரு வெவரம் கேக்கோணும்" என்பார்கள். அந்த விவரத்தை நான் சொல்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள். ஒரு நொடி யோசித்தாலும் அடுத்த கடைக்கு நடையைக் கட்டிவிடுவார்கள். அதனால் யோசிக்காமல் பதில் சொல்லக் கற்றுக்கொண்டேன். எந்த மெஷினுக்கு எந்த கிரீஸ், எந்த ஆயில் என்று படித்தேன், கேட்டேன், டப்பாவைத் திறந்து விரலில் தேய்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதோடு இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன்: தெரியாததையும் தெரிந்த குரலில் சொல்வது. பிழைப்புக்காகப் பழகியதுதான். ஆனால் மில்காரர்களிடம் பேசிய அதே குரலில் உன்னிடமும் பேச ஆரம்பித்தது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அப்பா அப்படி இல்லை. ஒருமுறை காரமடைப் பக்கம் ஒரு மில்லுக்குத் தப்பான ஆயிலைச் சொல்லிவிட்டார். மெஷின் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அவர்களுக்கு விஷயமே தெரியாது. இரண்டு நாள் கழித்துத் தனக்கே உறைத்தபோது பஸ் ஏறிப் போய், "தப்பாச் சொல்லிப்போட்டனுங்க, ஆயிலை எறக்கிருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மில் அதற்கப்புறம் நம்மிடம் வாங்கவில்லை. "ஊமையா இருந்திருந்தா யாருக்குங்க தெரியும்?" என்று நான் அவரோடு சண்டை போட்டேன். பிழைக்கத் தெரியாதவர் என்று பல வருஷம் உன்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

உன் டெலஸ்கோப் விஷயத்துக்கு வருகிறேன். காலேஜில் பாடம் எடுப்பது தற்காலிக வேலைதான் என்றாலும், உன்னிடம் படிக்கிற பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு இரண்டு வருஷம் அதற்காக உழைத்தாய். கண்ணாடியைப் பிள்ளைகள் கையாலேயே தேய்த்தார்கள். வானம் நகர நகர டெலஸ்கோப்பும் கூடவே திரும்ப வேண்டும் என்று நீ எனக்கு விளக்கியது ஞாபகம் இருக்கிறது. அதற்காக ஒரு பித்தளைப் பல்சக்கரம், அதைத் தள்ளித் திருப்ப மரை போட்ட ஒரு இரும்புத் தண்டு, அதைச் சுற்ற கடிகாரத்தில் இருப்பது போல ஒரு பொடி மோட்டார். சக்கரத்தை வெட்டிக் கொடுத்தவர் உக்கடத்தில் பட்டறை வைத்திருக்கும் பஷீர் பாய். வால்நட்சத்திரம் வருகிறது, இந்தத் தடவை விட்டால் நம் பேரன் பேத்திகள்கூடப் பார்க்க முடியாது, அதைப் போட்டோ எடுக்க வேண்டும் என்பது உங்கள் எல்லாருடைய ஆசை. போட்டோவுக்கு ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் கேமராவைத் திறந்து வைக்க வேண்டும், அந்த நேரம் முழுக்கச் சக்கரம் திக்காமல் திணறாமல் சுற்ற வேண்டும் என்றாய். தை மாதத்தில் ஒரு நாள், சக்கரமும் மோட்டாரும் பொருத்திய ஸ்டாண்டை ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, "அம்மா, இதுக்கு எந்த கிரீஸுங்க வெக்கலாம்?" என்று கேட்டாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பிசிக்ஸ் படித்த பிள்ளை என்னிடம் வந்து கேட்கிறான். ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் கடையிலிருந்து கருப்பு கிரீஸ் டப்பாவை எடுத்து வந்தேன். கல் உடைக்கிற கிரஷருக்கும், மில்லில் பெரிய கியர்களுக்கும் போகிற சரக்கு. நம் கடையில் அதைவிட உசத்தியான கிரீஸ் கிடையாது. உசத்தியானது எதுவோ அதுதான் உன் சக்கரத்துக்கும் சரி என்று நினைத்தேன்.

"இல்லீங்கம்மா, இது பாரம் தாங்குற கியர் இல்லீங்க. ரொம்ப மெதுவாத்தான் சுத்தும். லேசா ஒரு பூச்சு இருந்தாப் போதும்னு படிச்சேன்" என்றாய்.

"புக்கு எழுதுனவன் என்னைக்காவது கியருக்கு கிரீஸ் வெச்சிருக்கானா?"

"மலையில குளுருமுங்கம்மா. இது கெட்டியாயிருமோன்னு..."

"குளுந்தா என்ன, கல்லா ஆயிருமா? நான் பொழைக்கறதே இதுல கண்ணு. சொன்னாக் கேளு."

"சரிங்கம்மா" என்றாய். அவ்வளவுதான். நானே உட்கார்ந்து, பல் ஒன்றுகூடத் தெரியாதபடி சக்கரத்தை மூடியிருக்கிற பெட்டி நிறைய கிரீஸை அடைத்தேன். நீ பக்கத்தில் நின்று பழைய துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாய்.

மாசிக் கடைசியில் கோத்தகிரிக்குப் போனோம். நானும் வருகிறேன் என்று கிளம்பியது எதற்காக என்று சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகளுக்கு இட்லி கட்டிக் கொடுப்பதற்காக மட்டும் இல்லை. என் கிரீஸில் ஓடுகிற டெலஸ்கோப்பைப் பத்துப் பேர் பார்ப்பதை நான் பார்க்க வேண்டும் என்றுதான். விடியக்காலையில் பிள்ளைகள் எல்லாரும் போர்வையைப் போர்த்திக்கொண்டு மைதானத்தில் நின்றார்கள். கிழக்கே மரங்களுக்கு மேல் அந்த வால்நட்சத்திரம், யாரோ வெள்ளைச் சுண்ணாம்பை விரலால் இழுத்துவிட்ட மாதிரி. நீ கேமராவைப் பொருத்தி மோட்டாரைப் போட்டாய். மோட்டார் முனகியது. சக்கரம் அசையவில்லை. நீ குனிந்து காதை வைத்துக் கேட்டாய். கையால் லேசாகத் தள்ளிப் பார்த்தாய். கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. தைலாவோ மல்லிகாவோ, அந்த ஒல்லியான பெண், டார்ச் அடித்துக் காட்டினாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது கண்ணு. பெட்டியின் ஓரத்தில் பிதுங்கியிருந்த கிரீஸை யாரும் பார்க்காமல் விரலால் தொட்டுப் பார்த்தேன். பனங்கருப்பட்டிப் பாகு இறுகினாற்போல இருந்தது. உன் பொடி மோட்டார் அதை எப்படித் தள்ளும்?

கிழக்கு வெளுக்க ஆரம்பித்தது. பிள்ளைகள் முகம் தொங்கிப் போயிற்று. உன் துறைத் தலைவர் வந்து, "மோட்டார் ஓடுது, வீல் ஏன் திரும்பல?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க இதுலயே இருக்கறவங்க. நீங்க சொல்லுங்க, எதுல கோளாறு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தக் குரலில் சொன்னேன்: "கிரீஸெல்லாம் நல்ல கிரீஸுங்க. பல்லு வெட்டுனதுதான் சரியா அமையலீங்க. வீல் புடிக்குது."

நீ நிமிரவே இல்லை. சக்கரத்தைப் பார்த்தபடியே, "இல்லீங்க சார். வீல்ல குத்தமில்லீங்க. நாந்தான் அளவு தெரியாம கிரீஸ வெச்சுபோட்டேன்" என்றாய். துறைத் தலைவர் உச்சுக்கொட்டினார். "ரெண்டு வருஷ வேலைங்க தம்பி. இத ஒரு தடவ சோதிச்சுப் பாக்க மாட்டீங்களா? சரி பண்ணிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். உன் பிள்ளைகள் முன்னால், கைகட்டி நின்று, "சரிங்க சார்" என்றாய். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதோடு விட்டேனா? இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அந்தப் பெண்ணிடம், "அவன் எப்பவுமே அவசரக்காரன் அம்மணி" என்று சொன்னேன். இது உன் காதில் விழுந்ததா என்று தெரியாது. விழாமல் இருந்திருந்தாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

பெங்களூர் வேலைக்கு நாள் நெருங்கிவிட்டதால் ஸ்டாண்டைக் கழற்ற உனக்கு நேரம் இல்லாமல் போயிற்று. வீட்டு ஹாலில் சாக்கைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாய். நீ கிளம்பிப் போன அதே வாரத்தில் பஷீர் பாய் லேத்துக்கு ஆயில் வாங்கக் கடைக்கு வந்தார். உன்னை விசாரித்தார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஏனுங்கக்கா, காலேஜுல இன்னொரு டெலஸ்கோப் பண்றாங்களாம். வீல் வேலைய வேற பட்டறைக்குக் குடுத்துட்டாங்க. நம்ம வீல்ல புடிப்பு இருந்துச்சாம். நீங்க அங்க இருந்தீங்களாமே, எந்தப் பக்கம் புடிச்சுதுன்னு சொன்னீங்கன்னா நான் பாத்துத் திருத்திக்குவேன்" என்றார்.

நீ அத்தனை பேர் முன்னால் பழியை உன்மேல் போட்டுக்கொண்டும், உன் துறைத் தலைவர் மனதில் நின்றது என் வார்த்தைதான். நீ கத்துக்குட்டி, நான் அனுபவசாலி. பாயிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கூட்டத்துல சரியாப் பாக்கலீங்க பாய்" என்றேன். அவர் ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து சாக்கை விலக்கினேன். பெட்டியைத் திறந்து, கிரீஸை வழித்து, மண்ணெண்ணெயில் கழுவிக் கழுவி ஊற்றினேன். பல் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கண்ணு, அவ்வளவு சீரான வேலை. ஒரு பிசிறு இல்லை. துடைத்த தண்டைக் கையால் சுற்றினால் சக்கரம் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. நான் வைத்த கிரீஸ் பட்ட இடமெல்லாம் பித்தளை கறுத்திருந்தது. இரும்புக்காகச் செய்த சரக்கு அது; அதில் கலந்திருக்கிற கந்தகம் பித்தளைக்கு ஆகாது. இந்த விஷயம் எனக்குத் தெரியும். யாராவது மில்காரர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உனக்கு மட்டும் யோசிக்கவில்லை.

இந்தத் தடவை யோசித்தேன். கடையில் இருக்கிற கிரீஸ், ஆயில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, போல்ட்டும் நட்டுமாக ஒவ்வொன்றிலும் தடவி, சீட்டு ஒட்டி, பிரிஜ்ஜில் ஐஸ் வைக்கிற அறையில் வைத்தேன். நம் வீட்டுக்கு வந்த உன் சித்தி, கதவைத் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தாள். குளிர்ந்த பிறகு ஒவ்வொரு நட்டையும் இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தேன். கருப்பு கிரீஸ் போட்டது அசையவில்லை. லாரி சக்கரத்துக்குப் போடுகிற சாதா கிரீஸ் இடித்து இடித்துத் திரும்பியது. தையல் மெஷின் ஆயில் சுகமாகத்தான் சுற்றியது. ஆனால் அதே போல்ட்டை மொட்டை மாடி வெயிலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் எல்லாம் வழிந்து கீழே சொட்டி, இரும்பு காய்ந்து நின்றது. குளிரிலும் இறுகக் கூடாது, நம் ஊர் சித்திரை வெயிலிலும் ஓடக் கூடாது. அப்படி ஒன்று நம் கடையில் இல்லை. எனக்கு அதன் பேரும் தெரியவில்லை.

குளிரிலேயே ஓடுகிற மெஷின் எங்கே இருக்கும் என்று யோசித்தபோது மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு வைக்கிற குளிர் கிடங்கு ஞாபகம் வந்தது. பஸ் ஏறிப் போனேன். அங்கே மெஷின் பார்க்கிறவரிடம், உங்கள் ஃபேனுக்கு என்ன கிரீஸ் வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஏனுங்கம்மா, கிரீஸ் விக்கறவங்க நீங்க, என்னையக் கேக்கறீங்க?" என்று சிரித்தார். "இந்தச் சமாச்சாரம் எனக்குத் தெரியாதுங்க" என்றேன். கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து தொழில் விஷயத்தில் இப்படிச் சொன்னது இதுவே முதல் தடவை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. "எனக்கு மட்டும் என்னங்க தெரியும், மெஷின் குடுத்தவங்க இதத்தான் வெய்யின்னாங்க, வெச்சுட்டு இருக்கறோம்" என்று ஒரு சின்ன டப்பாவில் வழித்துக் கொடுத்தார். வெளிர் நிறம், தயிரை விடக் கொஞ்சம் கெட்டி. ஐஸ் அறையில் வைத்தும் நட்டு விரலுக்கு இணங்கியது. வெயிலில் வைத்தும் வழியவில்லை. பித்தளைத் துண்டில் பூசி ஒரு வாரம் வைத்தேன்; கறுக்கவில்லை. பழைய கிரீஸ் துளிகூட இல்லாமல் கழுவிக் காயவைத்த பிறகு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் பல்லின் மேல் மெல்லிசாகப் பூசினேன். நீ சொன்னாயே, லேசாக ஒரு பூச்சு. அதே அளவுதான்.

அதற்கப்புறம்தான் உக்கடம் போனேன். பாய் லேத்தில் நின்றிருந்தார். "பாய், உங்க வீல் நல்ல வீலுங்க. குத்தம் என்னோடதுங்க. கிரீஸ அடைச்சு வெச்சது நான். எல்லார்த்து முன்னாடியும் பழிய உங்க மேல போட்டதும் நாந்தானுங்க" என்றேன். அவர் லேத்தை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அப்ப என்ற ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. வீலில் பிடிப்பு என்று கேள்விப்பட்டதும், வயதாகிப் பார்வை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டாராம். கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். வயதுக்கு ஏற்ற பார்வை நன்றாகவே இருக்கிறது என்று சொல்லியும் நம்பவில்லை. பொடிப் பல் வெட்டுகிற வேலை எது வந்தாலும் வேறு பட்டறைக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் ஒரு வாய் வார்த்தை சொன்னேன், ஒரு மனுஷன் தன் கண்ணையே நம்பாமல் போய்விட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். டீ வாங்கிவரச் சொன்னார். குடித்தே ஆக வேண்டியிருந்தது.

"தம்பிக்குத் தெரியுமுங்களா?" என்றார்.

"அன்னைக்கே தெரியுமுங்க."

"அதான் பாருங்க. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இங்க வந்து, உங்க வீல் ரொம்ப சுத்தமா இருக்குதுங்க பாய், அதுல ஒரு குத்தமும் இல்லைங்கன்னு சொல்லிட்டுப் போனாப்ல. எதுக்கு இதைச் சொல்றாப்லன்னு அன்னைக்கு வெளங்கல. மனசு தேத்தறதுக்குச் சொல்றாப்லன்னு நெனச்சேன்."

நீ அங்கே போய்விட்டு வந்ததை என்னிடம் சொல்லவே இல்லையே கண்ணு.

துறைத் தலைவரையும் போய்ப் பார்த்தேன். "போகட்டும் விடுங்கம்மா, இதுக்குப் போயி" என்றார். வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்றும் சொல்லிவிட்டார். ஆகவே பாய்க்குப் போனது போனதுதான். நான் சொன்னதால் அது திரும்பி வரவில்லை. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் உன் பிள்ளைகளை நம் மொட்டை மாடிக்கு வரச் சொன்னேன். பாயும் வந்தார். வால்நட்சத்திரம் இப்போது சூரியன் சாய்ந்த பிறகு வடமேற்கே தாழத் தெரிகிறது. காலேஜிலிருந்து கொண்டுவந்த டெலஸ்கோப்பை ஸ்டாண்டில் பொருத்தி மோட்டாரைப் போட்டார்கள். சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத மாதிரி சுற்றியது. பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் போட்டோ எடுத்தார்கள். பாய் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் பார்த்து முடித்ததும் நான் சொன்னேன்: கோத்தகிரியில் நின்றது என்னால், உங்கள் சார் மேலும் இந்த பாய் மேலும் எந்தத் தப்பும் இல்லை, அன்று நான் சொன்னது பொய். கடையில் பேசுகிற அந்தத் தெரிந்த குரல் எங்கோ போய்விட்டது. பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். அந்த ஒல்லியான பெண் மட்டும் நேராக என்னைப் பார்த்து, "அப்ப சார் எதுக்குங்க தான் செஞ்சதாச் சொன்னாரு?" என்று கேட்டாள்.

அம்மாவின் மேல் வைத்திருக்கிற பாசம் என்று சொல்லியிருந்தால் எல்லாரும் சந்தோஷமாக இறங்கிப் போயிருப்பார்கள். எனக்கும் அப்படி நினைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் அன்று டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்தது பாசம் மட்டும் இல்லை. என்னை மறுத்துப் பேசினால் நான் என்ன ஆவேன், வீட்டில் எத்தனை நாள் பேசாமல் இருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பழகிய முகம் அது. இருபத்தேழு வயதில் உனக்கு அந்த முகம் இருக்கிறது. அதைக் கொடுத்தவள் நான்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டு எழுதவில்லை. கேட்டால் உடனே "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா" என்று சொல்லிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். கேட்பது வேறு. இனி நான் தப்பாகச் சொன்னால், யார் இருந்தாலும், அங்கேயே சொல்லிவிடு. நான் முகத்தைச் சுளிப்பேன். ஒருவேளை கத்தவும் செய்வேன். நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இரு.

உன் அம்மா